லாபத்தை எண்ணக் கூடாது

என் மகள் பூமயில் மக்கு என்று பெட்டி ஒருநாளும் சொன்னதில்லை. அது அப்படியெல்லாம் சொல்லாது. "பூமயில் இரண்டாம் படியில் மகிழ்ச்சியாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்" என்றுதான் மாதாமாதம் தேன் தடவிச் சொல்லும். ஒன்பது வயது முடிந்த பிள்ளை, எதிர்வீட்டு ஆறு வயதுப் பையன் இருக்கிற அதே படியில் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாதா என்ன!

கோவில்பட்டியில் இப்போது பள்ளிக்கூடம் என்று ஒன்று கிடையாது. நான் படித்த பள்ளிக்கூடம் பேட்டரி குடோன் ஆகிவிட்டது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் குட்டிக் குட்டியே என் உச்சந்தலையைப் பள்ளமாக்கியவர். அவர் போய் 'ஏணி' நிறுவனத்தின் பெட்டி வந்தபோது எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். பணம் கட்டினால் வெள்ளைப் பெட்டி. கட்ட வழியில்லாதவர்களுக்கு இலவசமாக நீலப் பெட்டி. இரண்டிலும் பாடம் ஒன்றுதான் என்றார்கள். கைரேகை வைத்து நீலத்தை வாங்கி வந்தோம்.

காலையில் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்தால் வெயில் தாழும்வரை எழக் கூடாது. எழுந்தால் மதிப்பெண் குறையும். தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. பத்து வயது ஆனதும் 'பிரிப்பு' வரும். அந்தப் பரீட்சையில் தேறினால் படிப்பு வழி, தேறாவிட்டால் வேலை வழி. எங்கள் பக்கத்தில் வேலை வழி என்றால் வேறென்ன, தகடு துடைப்பதுதான். கரிசல் காடு முழுக்கச் சூரியத் தகடு வேய்ந்து வைத்திருக்கிறார்கள். அதில் விழும் தூசியைப் பிள்ளைகள் துடைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி சின்னப் பிள்ளையிலேயே தகடு துடைக்கப் போனவர்தான். தகட்டு வெளிச்சம் அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது என் முகம் அவருக்கு ஒரு நிழல் மாதிரிதான் தெரியும். "எனக்கு ஆனது ஆகட்டும் வல்லி, எம் பிள்ளைய மட்டும் அந்தத் தகட்டுக் கம்பெனி வண்டியில ஏத்தி விட்றாத" என்பார். ஐப்பசியில் பிரிப்பு. பிள்ளை இன்னும் இரண்டாம் படி. எனக்குச் சோறு இறங்குமா?

பூமயிலுக்கு எல்லாம் வரும், எண்ணிக்கை மட்டும் வராது. அதற்குக் காரணமும் நாங்கள்தான். எங்கள் கடையில் கடலை மிட்டாய்ப் பட்டறைகளுக்கு நிலக்கடலை அளந்து கொடுக்கிறோம். படியால் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் போகும். அந்த முதல் படியிலிருந்து ஒரு கை அள்ளி, அம்மன் படத்துக்குக் கீழே இருக்கிற சொம்பில் போடுவேன். மூட்டை மேல் உட்கார்ந்து இதைப் பார்த்தே வளர்ந்தவள், அஞ்சு வயதில் ஒருநாள் கேட்டாள்.

"ஏம்மா, லாபம் சாமிக்குத்தான? அப்புறம் எப்படி அது நம்ம கணக்குல வரும்?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போது என்னைச் சுடுகிறது. ஏழு மாம்பழத்தைக் காட்டினால் ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு, ஆறு என்பாள். எட்டுக் கிளியை ஏழு என்பாள்.

"ஏட்டி, லாபமும் ஒண்ணுதான். அதையும் சேத்து எண்ணு" என்று நான் தொண்டை வறளக் கத்துவேன். "சரிம்மா" என்பாள். மறுநாள் பெட்டி முன்னால் போய் அதே ஆறு, அதே ஏழு. பெட்டிக்குள்ளிருந்து பிள்ளைக் குரல்கள் அவளோடு பேசிக்கொண்டிருக்கும். "இன்னைக்கு முயல் வந்துச்சும்மா, நேத்து வந்த அணில் இன்னைக்கு வரல" என்று சொல்லுவாள். பெட்டி காட்டுகிற பொம்மை வித்தை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் சென்னையில் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். பூமயில் பெட்டியை விட்டு எழக் கூடாது என்பதால் அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். கூடத்தில் வெள்ளைப் பெட்டி. அதற்கு முன்னால் அண்ணன் மகன் நித்திலன். எட்டு வயதுதான், நாலாம் படி.

"ஒன் மருமகன் பாடம் நடத்துறதப் பாரேன் வல்லி" என்று மதினி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"இவன் நடத்துறானா? பெட்டிதான நடத்தணும்?"

"அங்கதான் இருக்கு விஷயம். இதுக்குள்ள சிட்டுன்னு ஒரு பொண்ணு வரும். சரியான மக்கு. அதுக்கு இவன் சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுத்துச் சொல்லிக் குடுத்தே இவன் கணக்குல புலியாயிட்டான்."

திரையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பொம்மை. கீச்சுக் குரல். அதன் முன்னால் தக்காளிகள் வரிசையாக இருந்தன.

"சிட்டு, எத்தனை தக்காளி இருக்கு, சொல்லு" என்றான் நித்திலன், பெரிய வாத்தியார் கணக்காக.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு" என்றது பொம்மை. "அப்போ ஆறு."

"ஏழு வரைக்கும் எண்ணிட்டு ஏன் ஆறுங்கிற?"

"லாபத்தை எண்ணக் கூடாது. அது சாமிக்கு."

மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க உக்காந்து யோசிப்பானுங்களோ! இந்தப் பெட்டியச் செஞ்சவனுக்கு மூளையப் பாரு."

நான் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பூமயிலு என்ன செய்யிறா?"

"பெட்டி முன்னாடிதான் இருக்கா. தக்காளி எண்ணிக்கிட்டு இருக்கா. ஏன் வல்லி, கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

போனை வைத்தேன். உள்ளே வந்து நித்திலனை ஒதுக்கிவிட்டுத் திரைக்கு முன்னால் குனிந்தேன்.

"லாபத்த எங்கட்டி வச்ச?"

பொம்மை, "சொம்புல. அம்மன் படத்துக்குக் கீழ" என்றது. அப்புறம் கீச்சுக் குரல் இறங்கிப்போய், "அம்மா? நீயாம்மா?" என்றது.

திரை வெளுத்துவிட்டது. 'சிட்டு ஓய்வெடுக்கிறாள். நாளை சந்திப்போம்!' என்று ஒரு வரி வந்து நின்றது. பாடம் பாதியில் நின்றுபோனதற்கு நித்திலன் என்னைப் பார்த்து ஓவென்று அழுதான். மதினி முகம் சுண்டிவிட்டது. அவளுக்கு விளக்கம் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

மறுநாள் 'ஏணி' அலுவலகத்துக்குப் போனேன். நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. வாசலில் உட்கார்ந்து நான் போட்ட சத்தத்தில் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். மிதுலா என்று பெயர். உள்ளே கூட்டிப் போய் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பெட்டிக்குள்ள வர்றது எம் பொண்ணா இல்லையா? அத மட்டும் சொல்லு தாயி."

"உங்க பொண்ணுதாம்மா."

இல்லை என்பாள், சண்டை போடலாம் என்று போயிருந்தேன்.

"ஒரு பிள்ளைக்குப் பாடம் நல்லாப் பதியணும்னா, தன்னைவிடத் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு அது சொல்லிக் குடுக்கணும். பெட்டியே கண்டுபிடிச்ச விஷயம் இது" என்றாள் மிதுலா. "முதல்ல நிஜமாவே பொம்மையைத்தான் வச்சோம். ஒரு வாரத்துல பசங்க கண்டுபிடிச்சிட்டாங்க. மெஷின் பண்ற தப்புல காரணம் இருக்காது, வெறும் தப்பு. நிஜப் பிள்ளை தப்பு பண்ணினா உள்ள ஒரு காரணம் இருக்கும். அதைத் தோண்டி எடுக்கிறப்பதான் சொல்லிக் குடுக்கிற பிள்ளைக்கு மூளை வேலை செய்யுது."

"அதுக்கு எம் பிள்ளதான் கெடச்சாளா?"

"நீலப் பெட்டியை எப்படி இலவசமாத் தர்றோம்னு நினைச்சீங்க? நீங்க கைரேகை வச்ச ஒப்பந்தத்துலயே இருக்கும்மா. துணை மாணவர்னு போட்டிருக்கும்."

அந்த வார்த்தை இருந்திருக்கலாம். பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் யார் அதையெல்லாம் வாசித்தார்கள்?

"உங்க பொண்ணு ரொம்ப நல்ல துணை" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "எல்லாரும் கேட்டு வாங்குற துணை."

"நல்ல துணைன்னா?"

"தப்பை மாத்திக்காத..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு ஆங்காரம் தலைக்கேறியது. "அப்போ நீங்கதான் எம் பிள்ளைய மேல ஏற விடாம அமுக்கி வச்சிருக்கீக! அவ படிச்சிட்டா வெள்ளைப் பெட்டிக்காரன் பிள்ளைக்கு மக்கு கெடைக்காது. அதான?"

"சத்தியமா இல்லம்மா. நீங்களே பாருங்க."

அவள் ஒரு திரையைத் திருப்பி வைத்தாள். அதில் என் பிள்ளையின் பாடங்கள் ஓடின. ஒவ்வொரு தப்புக்கும் பெட்டி திருத்தம் சொல்லியிருந்தது. சொல்லிக்கொடுக்க வந்த பிள்ளைகளும் சொல்லியிருந்தார்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பைச் சரி என்று யாரும் சொல்லவில்லை. நான் உற்று உற்றுப் பார்த்தேன்.

"இவ்வளவு சொல்லியும் ஏன் புரியலன்னு எங்களுக்கும் தெரியல" என்றாள் மிதுலா மெதுவாக. "சில பிள்ளைங்க கொஞ்சம்..."

"மக்குன்னு சொல்லு. வாய் வரைக்கும் வந்துருச்சுல்ல, துப்பிரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெட்டிய நான் திருப்பிக் குடுத்துட்டா?"

"பிரிப்புக்குப் பேரு வராது. நேரா வேலை வழிதான்."

"ஒனக்குப் பிள்ள இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"என்ன பெட்டி?"

அவள் அந்தத் திரையை அணைத்தாள். நான் ஜூஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஊர் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நிறுவனத்தின் மேல் இருந்த கோபம் பாதி வழியில் பிள்ளை மேல் திரும்பிவிட்டது. இத்தனை பேர் வந்து வந்து சொல்லியும் ஏறாத மண்டை என்ன மண்டை? வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு கைப்பிடிக் கடலையைத் தரையில் கொட்டினேன்.

"எண்ணுட்டி."

பூமயில் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். பயத்தில் வாய் குழற எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." லாபம் இல்லை, சாமி இல்லை. கடைசிக் கடலை வரை எண்ணி, "பதினாலு" என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். பதினாலுதான்.

இன்னொரு கை அள்ளிப் போட்டேன். சரியாகச் சொன்னாள். கூட்டச் சொன்னேன், கழிக்கச் சொன்னேன், பெருக்கவும் சொன்னேன். இரண்டாம் படியில் இல்லாத பெருக்கல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஒனக்கு எல்லாம் தெரியுமாட்டி?"

தலையாட்டினாள்.

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளாம்மா."

"பின்ன எதுக்குட்டி பெட்டியில தப்புத் தப்பாச் சொல்லுத? எங்க உசுர வாங்கவா?"

அவள் கீழே கிடந்த கடலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சரியாச் சொன்னா சொல்லிக் குடுக்க வர்றவங்க போயிருவாங்கம்மா. ஜெயிச்சாச்சுன்னு கத்துவாங்க, திரை அணைஞ்சிரும். அப்புறம் வரவே மாட்டாங்க. மொதல்ல ஒரு கிளி வந்துச்சு. எங்கூட நல்லாப் பேசும். அது பாவம், தொண்டை கட்டிப்போயி சொல்லிக் குடுத்துச்சேன்னு நான் ஒருநாள் சரியாச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அது வரல."

"அது கிளியில்லட்டி..."

"தெரியும்மா. புள்ளைங்கதான். தும்முவாங்க. அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிடுறது கேக்கும். லாபத்தை எண்ணக் கூடாதுன்னு சொன்னா எல்லாருக்கும் சிரிப்பு வரும். ஏன், ஏன்னு கேட்டு ரொம்ப நேரம் இருப்பாங்க. பெருக்கல்கூட அவங்க சொல்லிக் குடுத்ததுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு வேற யாரும்மா இருக்கா?" என்றாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் மிதுலா பொய் சொல்லவில்லை. என் பிள்ளையை யாரும் அமுக்கி வைக்கவில்லை. தப்பாகச் சொன்னால் ஆள் வரும், சரியாகச் சொன்னால் போய்விடும். அந்த ஒரு பாடத்தைத்தான் பெட்டி அவளுக்கு ஒழுங்காக நடத்தியிருக்கிறது.

சங்கரபாண்டி எழுந்து தடவித் தடவி வந்து பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பிரிப்பன்னைக்கு மட்டும் சரியாச் சொல்லிரு தாயி. அப்பாவுக்காக."

"சரியாச் சொன்னா யாராவது வருவாங்களாப்பா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "வருவாங்கட்டி, நெறையப் பேர் வருவாங்க" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

பிரிப்பை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அத்தனை பிள்ளைகளை ஒரே இடத்தில் பார்த்து எனக்கே வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஒருத்தரோடு ஒருத்தர் என்ன செய்வது என்று தெரியாமல் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெற்றவர்களைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். எங்களுக்கு எதிரே சுவரில் பிள்ளைக்கு ஒரு விளக்கு வரிசை. சரியான விடைக்குப் பச்சை, தப்புக்கு மஞ்சள். பரீட்சையிலிருந்தே தள்ளிவிட்டால் சிவப்பு.

"என்ன கலர் வல்லி?"

"பச்சை."

"இப்ப?"

"பச்சைதான். எல்லாம் பச்சை."

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பூமயிலின் வரிசை தோரணம் கட்டின மாதிரி பச்சையாக நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அது யாரு பிள்ளைங்க? சூட்டிகையா இருக்கே" என்றாள். "எங்க பிள்ளதான்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது.

கடைசிக் கேள்விகளுக்கு வந்திருப்பார்கள். பூமயில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அழுக்குப் பாவாடை சட்டையில் ஒரு சின்னப் பெண். அதன் விளக்கு வரிசை ஒரே மஞ்சள். அது சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தது. பூமயில் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

என்ன நடக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "ஏட்டி, வேண்டாம்!" என்று கண்ணாடியை அடித்தேன். உள்ளே கேட்காது.

சரியாகச் சொல்லு என்று சொல்லியிருந்தேன். தண்ணீர் குடி, பயப்படாதே, திரையைப் பார்த்தே உட்கார் என்று எல்லாம் சொல்லியிருந்தேன். பக்கத்துப் பிள்ளையோடு பேசாதே என்று சொல்ல மட்டும் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்தே பார்த்திராதவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மண்டபத்து ஒலிபெருக்கி ஆரம்பத்திலேயே சொன்னதுதான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இருவருக்கும் வேலை வழி என்று. இப்படிப்பட்ட அறிவிப்புகளை எந்தப் பிள்ளை காதில் வாங்குகிறது?

பூமயில் அந்தப் பெண் பக்கம் சாய்ந்து என்னமோ கேட்டாள். அது மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னமோ சொன்னது. இவள் தன் விரல்களை விரித்துக் காட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பேசினாள். அந்தப் பெண்ணின் முகம் மெல்லத் தெளிந்தது. அது திரையைத் தொட்டது. அதன் வரிசையில் முதல்முறையாக ஒரு பச்சை எரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த நொடி இரண்டு வரிசையும் முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"என்ன கலர் வல்லி? ஏன் பேச மாட்டேங்கிற?"

என் கையைப் பிடித்திருந்த அவர் பிடி தளர்ந்தது.

வெளியே கூட்டி வந்தபோது பூமயில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, இவ பேரு மரிக்கொழுந்து. இவுக வீட்டுல பூக் கட்டுவாங்களாம். ரெண்டு ரெண்டாச் சேத்து வச்சுத்தான் கட்டுவாங்களாம், அதான் ரெண்டையும் ஒண்ணுன்னு எண்ணிட்டு இருந்திருக்கா. ஏன் அப்படி எண்ணுறன்னு கேட்டேன், சொல்லிட்டா. இப்ப இவளுக்குச் சரியா எண்ணத் தெரியும்!"

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் வைத்தேன். மண்டப வாசலில் தகட்டுக் கம்பெனி வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. உள்ளே வரிசையாகப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அந்த வண்டியிலயாம்மா போகணும்?"

"ஆமாட்டி."

"மரிக்கொழுந்தும் வருவாளா?"

அவள் அப்பா முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "வருவா தாயி" என்றார்.

"அங்க நெறையப் புள்ளைங்க இருப்பாங்களாப்பா?"

"இருப்பாங்கம்மா. வண்டி நெறைய இருப்பாங்க."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, பூமயில் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்க ஓடினாள்.